பாலத்துக்கு இந்தப் பக்கம் ஹராம், அந்தப் பக்கம் ஹலாலா?

 

மனால் அல்ஷரீஃப் என்ற பெயரைச் சவூதியில் இருந்து வந்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011 மே மாதம் அல்கோபார் நகரத்து வீதியில் கார் ஓட்டியதற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட பெண். அந்த நேரத்தில் தம்மாம், கோபார், ஜுபைல் பகுதிகளில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் ரூமில் உட்கார்ந்து இதைப் பற்றி விவாதித்திருப்பார்கள். 'அடங்காத பொம்பளை' என்று பாதிப் பேர், 'கார் ஓட்டினதுக்கா ஜெயிலு?' என்று மீதிப் பேர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்தப் பேச்சும் முடிந்திருக்கும்.

அப்படி முடித்துவிடக் கூடிய பேச்சா அது? அந்தப் பெண்ணின் வாழ்க்கையை இரண்டு தரப்பார் தங்கள் வசதிக்கு எடுத்துக் கொண்டார்கள். இஸ்லாத்தைத் தூற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள், 'பார்த்தீர்களா, குர்ஆன் பெண்ணைப் பூட்டி வைக்கிறது' என்று எழுதினார்கள். நம்மவர்களில் சிலர் 'மேற்கத்தியர்களின் கைக்கூலி' என்ற ஒரே வார்த்தையில் அவரை முடித்து வைத்தார்கள். இந்த இரண்டு தரப்பாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பெண் வாகனம் ஓட்டக் கூடாது என்று அல்லாஹ் சொன்னானா? அவனுடைய தூதர் (ஸல்) அவர்கள் சொன்னார்களா? மத்ரஸாவில் கிதாபு ஓதியவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். அதற்கு முன் அந்தப் பெண் எங்கிருந்து வந்தார் என்பதைப் பாருங்கள்.

கேஸட் காலத்துப் பிள்ளை

மனால் 1979-ல் மக்காவில் வளர்ந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை டாக்ஸி டிரைவர். ஹாஜிகளை ஏற்றி இறக்கிப் பிழைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தாய் லிபியாவைச் சேர்ந்தவர். வசதியற்ற வீடு. அடியும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. ஆனாலும் பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்பதில் அந்தத் தாய் பிடிவாதமாக நின்றார். (சகோதரர்களே, எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் படித்த பெண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு தாயின் பிடிவாதம் நிற்கிறது.)

அவர் பிறந்த அதே ஆண்டு நவம்பர் 20-ல், ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள் விடியற்காலையில், ஜுஹைமான் அல்உதைபி என்பவன் தலைமையில் ஓர் ஆயுதக் கும்பல் கஅபா இருக்கும் ஹரமையே கைப்பற்றியது. இரண்டு வாரம் புனித எல்லைக்குள் இரத்தம் ஓடியது. கும்பலை அரசு ஒழித்துக் கட்டியது. ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். மார்க்கப் பற்றில் தன்னை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில், ஜுஹைமான் கேட்ட கெடுபிடிகளில் பலவற்றை அரசே நடைமுறைக்குக் கொண்டு வந்தது. முதவ்வாக்கள் என்று நம் பிள்ளைகள் சொல்லும் மார்க்கக் காவலர்களுக்குப் பணமும் அதிகாரமும் கூடின. அந்தக் கெடுபிடியில் வளர்ந்த முதல் தலைமுறை மனாலின் தலைமுறை.

அது கேஸட் காலம். பிரசங்க கேஸட்டுகளும் துண்டுப் பிரசுரங்களும் பள்ளிக்கூடத்திலேயே இலவசமாகக் கிடைத்தன. கப்றின் வேதனை, நரகத்தின் நெருப்பு, பெண்ணால் வரும் ஃபித்னா என்று வாலிபப் பிள்ளைகளின் காதில் இரவும் பகலும் ஓதப்பட்டது. மனால் அதை முழுமையாக நம்பினார். முகத்தை மூடினார். வீட்டில் இருப்பவர்களுக்கே உபதேசம் செய்ய ஆரம்பித்தார். உருவம் வரைவது பாவம் என்று சொல்லப்பட்டதால், தான் ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்த படங்களைத் தன் கையாலேயே எரித்தார். தம்பியின் ஆங்கிலப் பாட்டுக் கேஸட்டுகளையும் எரித்தார்.

பாட்டுக் கேஸட்டை எரித்ததில் என்ன தப்பு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அந்தப் பேச்சு வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம். எரித்த பிள்ளையின் நெஞ்சைப் பாருங்கள். 'இது அல்லாஹ்வின் கட்டளை' என்று சொல்லப்பட்டவுடன், தனக்குப் பிரியமான பொருளைத் தயங்காமல் நெருப்பில் போடுகிற ஈமான் அது! அரைகுறைப் பிள்ளை இல்லை. வீட்டிலேயே அதிகமாக நம்பிய பிள்ளை. இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு மார்க்கம் என்று எதைக் கொடுக்கிறோம் என்பதில் ஆலிம்கள் எவ்வளவு பயப்பட வேண்டும்! மார்க்கத்தோடு ஊர் வழக்கத்தையும் கலந்து ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டால், வழக்கம் பொய் என்று தெரியும் நாளில் அவள் எதைத் தூக்கி எறிவாள்? பொட்டலத்தோடு எறிவாள்.

வியாபாரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கலப்பட மிளகாய்த் தூளை ஒருநாள் கண்டுபிடித்த வாடிக்கையாளர், உங்கள் கடையின் சுத்தமான மஞ்சளையும் வாங்க மாட்டார்.

மனாலுக்கு அந்த நாள் மெதுவாக வந்தது. ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்தார். இன்டர்நெட் மூலம் வெளியுலகம் தெரிந்தது. 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க் கோபுரங்கள் இடிந்தபோது, எரியும் கட்டடத்திலிருந்து ஒரு மனிதர் தலைகீழாக விழும் படத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு தூக்கமில்லாமல் கிடந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதைச் செய்த 19 பேரில் 15 பேர் தன் நாட்டுக்காரர்கள் என்பதும், மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள் என்பதும் அவரை உலுக்கின. கேஸட்டில் கேட்டதை எல்லாம் அவர் திரும்பக் கேட்க ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்

2002-ல் அராம்கோவில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் தகவல் பாதுகாப்புப் பிரிவில். திருமணமாகி, ஒரு மகன் பிறந்து, மணவிலக்கும் ஆனது. இடையில் கம்பெனி மூலம் அமெரிக்காவில் இருந்தபோது முறையாக டிரைவிங் லைசென்ஸ் எடுத்தார். சொந்தமாகக் காரும் வைத்திருந்தார்.

தஹ்ரானில் அராம்கோ காம்பவுண்டைப் பார்த்தவர்கள் சொல்வீர்கள். அந்த மதில் சுவருக்குள் பெண்கள் கார் ஓட்டினார்கள். யாரும் பிடிக்கவில்லை, யாரும் ஃபத்வா கேட்கவில்லை. கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் குற்றம்! அதே கோபாரில் இருந்து 1986-ல் திறக்கப்பட்ட 25 கிலோமீட்டர் பாலம் பஹ்ரைனுக்குப் போகிறது. பாலத்தின் அந்தப் பக்கம் முஸ்லிம் பெண் கார் ஓட்டலாம். அங்கேயும் அதே பாங்குதான், அதே கிப்லாதான். குவைத்தில் ஓட்டினார்கள். எகிப்தில், துருக்கியில், மலேசியாவில், இந்தோனேசியாவில் ஓட்டினார்கள். சவூதியிலேயே பாலைவனத்து பதூவின் பெண்கள் தண்ணீர் வண்டியும் பிக்கப்பும் ஓட்டியதை அங்கே வேலை பார்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அல்லாஹ்வின் ஹராம் ஒரு காம்பவுண்டு கேட்டோடு நின்றுவிடுமா? பன்றி இறைச்சி பாலத்துக்கு இந்தப் பக்கம் ஹராம், அந்தப் பக்கம் ஹலால் என்று எந்த முஸ்லிமாவது சொல்வானா? வட்டி சொல்வானா?

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. பெண் கார் ஓட்டக் கூடாது என்று சவூதிப் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. 2018 வரை லைசென்ஸ் கொடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். மனால் அந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் இறங்கினார்.

இறங்க வைத்த சம்பவம் சாதாரணமானது. ஒரு மாலை நேரம் கோபாரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். டாக்ஸி கிடைக்கவில்லை. ரோட்டோரமாக நடந்தார். கார்களில் வந்தவர்கள் பக்கத்தில் மெதுவாக்கி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ஒருவன் விடாமல் பின்தொடர்ந்தான். பயத்திலும் ஆத்திரத்திலும் ஒரு கல்லை எடுத்து அவன் காரின் மீது எறிந்துவிட்டு அழுதார். வீட்டில் கார் நிற்கிறது. பையில் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் தெருவில் பொறுக்கிகளுக்குப் பயந்து நடக்க வேண்டும்!

புகாரியில் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. வழிப்பறியைப் பற்றி ஒருவர் முறையிட்டபோது, இராக்கின் ஹீராவிலிருந்து ஒரு பெண் ஒட்டகச் சிவிகையில் புறப்பட்டு வந்து, அல்லாஹ்வைத் தவிர வேறு யாருக்கும் பயப்படாமல் கஅபாவைத் தவாஃப் செய்யும் காலம் வரும் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்தார்கள். அந்தக் காட்சியைத் தன் கண்ணால் கண்டதாக அதீ (ரலி) சொல்கிறார்கள். இஸ்லாமிய ஆட்சியின் பாதுகாப்புக்கு அண்ணலார் சொன்ன அடையாளம் என்ன? ஒரு பெண் பயமில்லாமல் வழிப் போவது! அந்த மண்ணில், டாக்டரிடம் போய்வந்த பெண் கல்லைத் தூக்க வேண்டியதாயிற்று. பின்தொடர்ந்தவனைப் பிடிக்க எந்த முதவ்வாவும் வரவில்லை.

(மஹ்ரம் இல்லாத நெடும் பயணம் பற்றிய ஹதீஸ்கள் உண்டு. அது தனிச் சட்டம். உள்ளூரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதோடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.)

2011 மே மாதம் அவர் கார் ஓட்டும் காட்சியை வஜீஹா அல்ஹுவைதர் என்ற பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடித்தார். யூடியூபில் போட்டார்கள். ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 21-ஆம் தேதி தன் சகோதரரின் குடும்பத்தோடு காரில் போகும்போது பிடித்தார்கள், பல மணி நேரம் விசாரித்து விட்டார்கள். பிறகு நள்ளிரவு தாண்டி வீட்டுக் கதவைத் தட்டி அழைத்துப் போனார்கள். தம்மாம் பெண்கள் சிறையில் ஒன்பது நாள். டாக்ஸி ஓட்டியே மகளை வளர்த்த அந்த முதியவர், மகள் கார் ஓட்டியதற்காக மன்னரிடம் போய் மன்றாடினார். மே 30-ல் விட்டார்கள். ஜுன் 17-ல் சவூதிப் பெண்கள் பலர் தங்கள் கார்களை எடுத்துக் கொண்டு வீதிக்கு வந்தார்கள்.

அவர் தந்தை தொழும் பள்ளியிலேயே, ஜும்ஆ மிம்பரிலிருந்து, கார் ஓட்டும் பெண்களை நடத்தை கெட்டவர்கள் என்று இமாம் பேசியிருக்கிறார். தந்தை கீழே உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தார். சகோதரர்களே, இந்த இடத்தில் எனக்கு உடல் நடுங்குகிறது. கற்புள்ள பெண்கள் மீது அவதூறு சொல்லி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவருக்கு என்ன தண்டனை என்று சூரத்துந் நூரின் நான்காம் வசனம் சொல்கிறது. எண்பது கசையடி! அதோடு அவருடைய சாட்சியமும் என்றென்றைக்கும் ஏற்கப்படாது. ஸ்டியரிங் பிடித்ததற்கு அல்லாஹ் எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை. அந்த இமாம் மிம்பரில் பேசியதற்கு விதித்திருக்கிறான்.

திராட்சைத் தோட்டத்தை வெட்டச் சொன்னார்களா?

இனி ஃபத்வாவுக்கு வருவோம். இது புதிதாக 2011-ல் வந்த தடையல்ல. 1990-ல் குவைத் பிரச்சினையின்போது அமெரிக்கப் படைகள் சவூதிக்கு வந்தன. அந்தப் படையின் பெண் சிப்பாய்கள் சவூதி ரோட்டில் ஜீப் ஓட்டினார்கள்; யாரும் தடுக்கவில்லை. அந்த நவம்பர் 6-ல் ரியாத்தில் 47 முஸ்லிம் பெண்கள் கார் ஓட்டினார்கள். உடனே பாஸ்போர்ட் பறிபோனது, வேலை பறிபோனது, பெயர் போட்டுத் துண்டுப் பிரசுரம் அடித்துக் கேவலப்படுத்தினார்கள். அந்நியப் படைக்காரி ஓட்டலாம், ஹரமைன் நாட்டின் முஃமினான பெண் ஓட்டக் கூடாது!

அப்போதுதான் ஷைகு இப்னு பாஸ் (ரஹ்) அவர்களின் ஃபத்வா வந்தது. அவர்களுடைய இல்முக்கு முன்னால் நாமெல்லாம் தூசு. ஆனால் அந்த ஃபத்வாவில் எந்த ஆயத்தும் நேரடியாக வாகனம் ஓட்டுவதைத் தடுக்கவில்லை, எந்த ஹதீஸும் தடுக்கவில்லை. 'ஸத்துத் தராயிஉ' என்ற அடிப்படையில் கொடுத்தார்கள். தீமைக்கு இட்டுச் செல்லும் வழியை முன்கூட்டியே அடைப்பது என்று பொருள். பெண் கார் ஓட்டினால் அந்நிய ஆணோடு தனிமை ஏற்படும், முகம் திறக்கும், கலப்பு ஏற்படும் என்ற அச்சம்.

இந்த அடிப்படை உண்மையில் ஷரீஅத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லையும் இருக்கிறது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மாலிக்கி மத்ஹபின் இமாம் கராஃபீ (ரஹ்) இதை அழகாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மக்கள் நடக்கும் பாதையில் குழி வெட்டுவது கூடாது. யாராவது விழுவது நிச்சயம். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. திராட்சை பயிரிடுவதைத் தடுக்க முடியாது. திராட்சையில் இருந்துதான் மது வருகிறது என்றாலும் தோட்டத்தை வெட்டு என்று எந்த இமாமும் சொல்லவில்லை. இதிலும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ளதில்தான் ஆலிம்களுக்கிடையே விவாதம்.

இப்போது சொல்லுங்கள். பெண் கார் ஓட்டுவது பாதையில் வெட்டிய குழியா, திராட்சைத் தோட்டமா? உலகம் முழுக்க முஸ்லிம் பெண்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், சந்தைக்குப் போகவும், பெற்றவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் ஓட்டினார்கள். எந்த ஊர் அழிந்தது?

நபி (ஸல்) அவர்களின் காலத்துப் பெண்கள் ஒட்டகம் ஏறினார்கள். ஒட்டகம் ஏறும் பெண்களில் சிறந்தவர்கள் என்று குறைஷிப் பெண்களைப் பாராட்டி, பிள்ளைகளிடம் அவர்கள் காட்டும் பாசத்தையும் சேர்த்துச் சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. உம்மு ஹராம் (ரலி) அவர்கள் கடல் தாண்டிப் போருக்குப் போகும் கூட்டத்தில் தாமும் இருக்க துஆ செய்யும்படி அண்ணலாரிடம் கேட்டார்கள். 'உனக்கெதற்கு?' என்று கேட்கவில்லை, துஆ செய்தார்கள். முஆவியா (ரலி) காலத்தில் அந்தப் படையோடு போய், கரை இறங்கி வாகனப் பிராணியில் ஏறும்போது விழுந்து ஷஹீதானார்கள். சைப்ரஸ் தீவில் லார்னகா நகருக்குப் பக்கத்தில் அவர்களுடைய கப்று இன்றும் காட்டப்படுகிறது. அந்த விபத்தைக் காரணம் காட்டி, இனி பெண்கள் வாகனம் ஏறக் கூடாது என்று எந்த ஸஹாபியும் சட்டம் போடவில்லை!

எல்லாவற்றையும் விட எனக்கு உமர் (ரலி) அவர்களின் சம்பவம் பெரிதாகப் படுகிறது. அவர்களுடைய மனைவி ஒருவர் ஸுபுஹுக்கும் இஷாவுக்கும் பள்ளிக்குப் போவார். உமர் (ரலி) அவர்களுக்கு அது பிடிக்காது, ரோஷக்காரர். 'அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் ஏன் போகிறீர்கள்?' என்று அந்த அம்மையாரிடம் கேட்டார்கள். 'பிடிக்காவிட்டால் என்னைத் தடுக்க வேண்டியதுதானே, எது அவரைத் தடுக்கிறது?' என்று அவர் திருப்பிக் கேட்டார். அல்லாஹ்வின் அடிமைப் பெண்களைப் பள்ளிகளை விட்டும் தடுக்காதீர்கள் என்ற நபிமொழிதான் அவரைத் தடுக்கிறது என்று பதில் வந்தது. அரபு உலகமே நடுங்கிய கலீஃபா! தனக்குப் பிடிக்கவில்லை என்பதை மார்க்கமாக்கத் துணியவில்லை. தன் வீட்டிலேயே துணியவில்லை. நாவுக்கு வந்தபடி 'இது ஹலால், இது ஹராம்' என்று அல்லாஹ்வின் மீது இட்டுக்கட்ட வேண்டாம் என்ற எச்சரிக்கை சூரத்துந் நஹ்லின் 116-ஆம் வசனத்தில் இருக்கிறது. உமர் (ரலி) அந்த வசனத்தை அறிந்தவர்.

டிரைவர் மஹ்ரமா?

நம் சமுதாயத்துக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள இடம் இதுதான். அந்நிய ஆணோடு தனிமை ஏற்படக் கூடாது என்று தடை போட்டார்களே, அந்தத் தடையால் என்ன நடந்தது? சவூதி வீடுகளில் பல லட்சம் ஹவுஸ் டிரைவர்கள் வந்து சேர்ந்தார்கள். இந்தியாவில் இருந்து, பாகிஸ்தானில் இருந்து, பங்களாதேஷில் இருந்து, இந்தோனேசியாவில் இருந்து. இராமநாதபுரம், தஞ்சை, நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி, ஹவுஸ் டிரைவர் விசாவில் போய், கஃபீல் வீட்டு வாசலில் ஒரு சின்ன அறையில் கிடந்து, நடுராத்திரி போன் அடித்தாலும் எழுந்து வண்டி எடுத்தவர்கள்.

வீட்டு எஜமானியை ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்கும், மகளைக் காலேஜுக்கும், மருமகளைத் தாய் வீட்டுக்கும் ஏற்றிக் கொண்டு போனவர் யார்? நம் தெருப் பையன். அவன் அவர்களுக்கு அண்ணனா, மாமனா? மஹ்ரமா? தனிமையைத் தடுக்கப் போட்ட சட்டம், தினம் இரண்டு வேளை அந்நிய ஆணோடு தனிமையில் அனுப்பியது. இதைத்தான் சவூதிப் பெண்கள் கேட்டார்கள். பதில் சொல்ல ஆளில்லை. 2013-ல் ஒரு ஷைகு, கார் ஓட்டினால் பெண்ணின் சினைப்பைக்கு ஆபத்து என்றார். உலகமே சிரித்தது. சிரித்தது அவரைப் பார்த்து மட்டுமா? நம் மார்க்கத்தைப் பார்த்தும் சிரித்தது. வழக்கத்துக்கு முட்டுக் கொடுக்கப் போனதற்கு மார்க்கம் கொடுத்த விலை இது.

அந்தப் பையனின் மனைவி ஊரில் என்ன செய்கிறாள்? காலையில் ஸ்கூட்டியில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ரேஷன் கடையும் பேங்கும் பார்த்துவிட்டு, மாமியாருக்கு மாத்திரை வாங்கி வருகிறாள். புர்கா போட்டு, அதன்மேல் ஹெல்மெட் போட்டுப் போகிற அந்தப் பிள்ளையைத் தெரு முனையில் உட்கார்ந்து விமர்சிக்கிற பெரியவர்கள் இன்றும் நம் மஹல்லாக்களில் உண்டு. ஆதாரம் கேட்டால் 'நம்ம ஊருல வழக்கமில்ல' என்பார்கள். கல்யாணத்தில் கைக்கூலி வாங்குவதும் நம்ம ஊர் வழக்கம்தானே! அந்த வழக்கத்தை மட்டும் விடமாட்டோம். மஹர் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் பெண்ணிடம் வாங்குகிறோம், ஒட்டகம் ஏறச் சொன்ன மார்க்கத்தில் ஸ்கூட்டியைத் தடுக்கிறோம்.

முடிவை எடுத்தவர் யார்?

2017 செப்டம்பர் 26-ல் மன்னர் சல்மானின் ஆணை வந்தது: பெண்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். மூத்த உலமாக்கள் சபையின் பெரும்பான்மையினர் இதில் தடை ஏதும் காணவில்லை என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தது. 2018 ஜுன் 24-ல் பெண்கள் சட்டப்படி வீதிக்கு வந்தார்கள். இருபத்தெட்டு வருடம் ஃபித்னாவாக இருந்தது ஒரே இரவில் ஆகுமானதாகிவிட்டது! புதிதாக வஹீ வந்ததா? புதிய ஹதீஸ் கண்டுபிடித்தார்களா? அரண்மனைக்கு வேண்டாம் என்றபோது ஹராம், வேண்டும் என்றபோது ஹலால் என்று ஒரு வாலிபப் பெண் முடிவு கட்டினால் அவளை எப்படிக் குறை சொல்வது?

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2018 மே மாதம், இதே உரிமையைக் கேட்டுப் போராடிய பெண்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அஜீஸா அல்யூசுஃப், ஈமான் அல்நஃப்ஜான், லுஜைன் அல்ஹத்லூல். லுஜைன் 2014-லேயே அமீரகத்தில் இருந்து கார் ஓட்டி எல்லை தாண்ட வந்து 73 நாள் சிறையில் இருந்தவர். இந்த முறை 2021 பிப்ரவரி 10 வரை, ஆயிரத்தொரு நாள். அரசர் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும், கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது! முடியாட்சியின் குணம் அது. ஆலிம்கள் அதன் நிழலில் நின்றால் வெயில் அவர்கள் மீது படாது. ஆனால் மக்கள் பார்வையிலும் பட மாட்டார்கள்.

மனால் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டார். 2012-ல் ஆஸ்லோவில் ஒரு பரிசு வாங்கப் போனதற்குப் பிறகு அராம்கோ வேலை போனது. துபாய்க்கு மாறினார். மகனை உடன் கொண்டு போக அனுமதி கிடைக்கவில்லை. வாரக் கடைசியில் விமானம் ஏறி வந்து மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு ஆஸ்திரேலியாவில் குடியேறினார். 2017-ல் தன் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அதிலும் அவருடைய மேடைப் பேச்சுகளிலும் நான் ஏற்காத கருத்துகள் உண்டு. சில இடங்களில், ஜுஹைமானின் மார்க்கத்தையும் அல்லாஹ்வின் மார்க்கத்தையும் அவர் பிரித்துப் பார்க்காமல் பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிரித்துக் காட்ட வேண்டியவர்கள் யார்? அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் கேஸட் கொடுத்தவர்கள்தானே!

'வாய் நீண்ட பெண்' என்று சொல்பவர்களுக்கும் ஒன்று. கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அண்ணலாரிடமே வந்து தன் கணவரைப் பற்றி வாதாடினார்கள். விடாமல் வாதாடினார்கள். அல்லாஹ் ஏழு வானங்களுக்கு மேலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டதாக 58-ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அந்த அத்தியாயத்துக்குப் பெயரே வாதாடிய பெண், அல்முஜாதலா. ஜாஹிலிய்யா காலத்து 'ளிஹார்' என்ற வழக்கம் அவர் வாதாடியதால் ஒழிந்தது. மதீனாவில் யாரும் அவர் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் கிளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெண்கள் பயான் நடத்துகிறீர்கள். திரைக்குப் பின்னாலிருந்து கேள்விச் சீட்டுகள் வருகின்றன. மேடைக்கு வருமுன் ஒருவர் அவற்றைப் பிரித்துப் படித்து, வேண்டாததைச் சட்டைப் பையில் போட்டுக் கொள்கிறார். குளிப்பு, தொழுகை, நோன்பு பற்றிய சீட்டுகள் எங்கள் கைக்கு வருகின்றன. மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தச் சொல்கிறார்களே ஆதாரம் என்ன, எங்கள் பள்ளியில் பெண்களுக்கு ஏன் இடமில்லை, குலா கேட்டால் ஜமாஅத்தில் ஏன் ஆறு மாதம் இழுக்கிறார்கள் என்ற சீட்டுகள் பைக்குள் போய்விடுகின்றன. இனி எல்லாச் சீட்டும் மேடைக்கு வரட்டும். ஆதாரம் இருந்தால் ஆயத்து எண்ணோடும் ஹதீஸ் எண்ணோடும் சொல்கிறோம். உடனே தெரியாவிட்டால் கிதாபைப் பார்த்து அடுத்த வாரம் சொல்கிறோம். 'இது மார்க்கம் இல்லை, ஊர் வழக்கம்' என்பதுதான் பதில் என்றால் அதையும் மைக்கிலேயே சொல்கிறோம். பெண்கள் பகுதியில் வைக்கும் ஸ்பீக்கரை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். பாதி ஊர்களில் அது கரகரவென்றுதான் இருக்கிறது.

வஸ்ஸலாம்.